ஆள் கிடைக்காமல் மூடும் கடைகள்: பொரோட்டாவின் விலையில் சேராத கூலி

நோன்புப் பெருநாள் முடிந்த ஒரு வாரத்தில் திறக்க வேண்டிய கடை அது. தக்கலைக்கும் குளச்சலுக்கும் இடையே ஒரு சந்திப்பில், வாப்பாவும் மகனுமாக நடத்திவந்த சிறிய உணவகம். காலையில் புட்டும் பயறும் பப்படமும். பத்து மணிக்கு ரசவடை, ஏத்தம்பழ அப்பம். மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன் கறியும். நாலு மணிக்குக் கல் சூடானால் இரவு பதினொன்று வரை பொரோட்டா. ரமளான் மாதம் பகலில் கடை இருக்காது என்பதால் வேலையாட்கள் ஊருக்குப் போய், பெருநாள் கழிந்து திரும்புவது பல வருட வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு பெருநாளுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. 'வேலையாட்கள் இல்லாததால் கடை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று ஷட்டரில் ஒரு தாள் ஒட்டினார்கள். அந்தத் தாள் இரண்டு மாதம் வெயிலில் காய்ந்தது. பிறகு ஷட்டருக்கு வேறு நிறம் அடித்து செல்போன் கடை வந்துவிட்டது.

கடைக்காரரைப் பின்னர் பள்ளிவாசல் வாசலில் பார்த்தபோது, "வேலைக்கு ஆளு கிட்டல மக்களே, பின்ன என்ன செய்யதுக்கு?" என்றார். முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு வேறு விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

இதை வாசிக்கும் குமரி மாவட்டத்துக்காரர் எவரும் இப்படி மூடிய ஒரு கடையையாவது தம் ஊரில் காட்ட முடியும். திருவிதாங்கோடு, இடலாக்குடி, களியக்காவிளை, தேங்காய்ப்பட்டணம் என்று எங்கே போய்க் கேட்டாலும் உணவகம் நடத்துபவர்களின் முதல் புகார் இதுதான். காரணம் கேட்டால் நம் ஆட்கள் தயாராக வைத்திருக்கும் பட்டியலும் ஒன்றுதான். நூறு நாள் வேலை ஆட்களைக் கெடுத்துவிட்டது, டாஸ்மாக் கெடுத்துவிட்டது, செல்போன் கெடுத்துவிட்டது, இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையாது.

உடம்பு வளையாது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரியாதின் பத்ஹாவிலும் துபாயின் தேராவிலும் உணவகங்களின் பின்கட்டில் நின்று பாருங்கள். தட்டு கழுவுவதும், மேசை துடைப்பதும், மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவதும் யார்? ஊரில் வாப்பாவின் கடையில் தண்ணீர்க் கிளாஸ் எடுத்து வைக்கக் கூச்சப்பட்ட அதே பிள்ளை அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். வேலை அதேதான். அங்கே மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் வருகிறது. பார்ப்பதற்கு ஊர்க்காரர்கள் இல்லை. திரும்பி வரும்போது அவனுக்குப் பெயர் 'கல்ஃப்காரன்'. இங்கே அவன் 'ஓட்டல்ல நிக்கப் பையன்'. நிக்காஹ் பேச்சில் இந்த இரண்டு பெயர்களுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது பெண் வீட்டாருக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். கடைக்குச் சொந்தக்காரரின் மகன் என்றாலே சிலர் தயங்குகிறார்கள். கடையில் வேலை செய்பவன் என்றால் பேச்சே எழாது.

எல்லைக்கு அப்பால் கூலி

வளைகுடாவை விடுங்கள். அது ஐம்பது வருடக் கதை. பக்கத்தில் கேரளம் இருக்கிறது. களியக்காவிளையில் சாலையைக் கடந்தால் வேறு கூலி. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்கள் குறித்த புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23இல் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய். தமிழ்நாட்டில் 500 ரூபாய் சொச்சம். நாட்டின் சராசரி 393 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் கைத்தொழில் தெரிந்த ஒருவர் காலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ வேலை பார்த்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்து படுக்கலாம். நம் ஊர்ச் சாயாக்கடை முதலாளி ஆளுக்காகப் போட்டி போடுவது பக்கத்துக் கடையோடு மட்டும் இல்லை. எல்லைக்கு அப்பால் இருக்கும் 852 ரூபாயோடும்தான்.

அதோடு இந்த மாவட்டம் படித்த மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மாநிலத்தில் உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் (2021-22 கணக்குப்படி 47 விழுக்காடு) கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 28 விழுக்காடுதான். பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்லும் கருவள விகிதம் தமிழ்நாட்டுக்கு 1.8. ஐந்து பிள்ளைகளில் படிப்பு ஏறாத இருவரைக் கடையில் நிறுத்தலாம் என்ற காலம் போய், இருக்கும் இருவரையும் படிக்கவைக்கும் காலம் வந்திருக்கிறது.

இதில் அழ என்ன இருக்கிறது? நம் மாவட்டத்தில் பனையேறுவதை விட்டவர்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் போனபோது, பதநீர் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஏறியவர்கள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கடினமான, மரியாதை கிடைக்காத ஒரு வேலையிலிருந்து ஒரு தலைமுறை தப்பித்தால் அதை ஆள் பற்றாக்குறை என்று மட்டும் பெயர் வைத்து அழைப்பது, வேலை வாங்கியவர்கள் பக்கம் நின்று பார்க்கிற பார்வை.

ஆனால் கடை மூடியதும் உண்மை. அந்தக் கடையை நம்பி ஒரு குடும்பம் இருந்ததும், காலையில் அங்கே புட்டு சாப்பிட்டு வேலைக்குப் போன ஐம்பது பேர் இருந்ததும் உண்மை. அதனால் இந்தக் கடைகள் இத்தனை காலம் எப்படி ஓடின என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது.

கணக்கில் எழுதாத கூலி

குடும்ப உணவகம் என்கிறோம். அந்தக் 'குடும்பம்' என்ற சொல்லில்தான் ரகசியம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவியவர், மசாலா அரைத்தவர், மீன் கழுவியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். உம்மா அரைத்த மசாலாவுக்குக் கூலி எந்தக் கடையின் நோட்டிலும் எழுதப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்த மகனுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கிய மைத்துனர் பையனுக்கும் சம்பளம் கிடையாது; பெருநாளுக்கு ஒரு சட்டை.

அடுத்தது 'பையன்'. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். எந்த ஓட்டலிலும் மேசை துடைக்க, தண்ணீர் வைக்க, எச்சில் இலை எடுக்க பத்து பன்னிரண்டு வயதில் ஒரு பையன் இருப்பான். அவனுக்குச் சாப்பாடும், வாரத்துக்கு ஏதோ கொஞ்சம் காசும். உணவகம், சாயாக்கடை, தாபா ஆகியவற்றில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்கு மத்திய அரசு தடை விதித்தது 2006 அக்டோபர் 10 முதல். நல்ல காரியம். இன்னும் முன்னாலேயே நடந்திருக்க வேண்டியது. அந்தப் பையன் செய்த வேலையைப் பிறகு ஒரு பெரியவர் செய்ய வேண்டும், அவருக்குப் பெரியவர் கூலி கொடுக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் விலைப்பட்டியலில் ஏற்றவில்லை.

மூன்றாவது, வேலை நேரம். உணவகத் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது என்பது நிறைய முதலாளிகளுக்கே புதுச் செய்தியாக இருக்கும். 1958ஆம் வருடத்துச் சட்டம் அது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை. காலை ஐந்தரைக்கு அடுப்புப் பற்றவைத்து இரவு பதினொன்றரைக்குக் கல்லைக் கழுவும் கடையில், நடுவே மத்தியானம் இரண்டு மணி நேரம் மாடியில் பாய் விரித்துப் படுப்பதைத் தவிர ஓய்வில்லாத வேலையில், இந்தச் சட்டத்தை யார் நினைத்தார்கள்? தன்னிடம் வேலை செய்பவருக்குத் தான் உண்பதையே கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சாப்பாட்டு விஷயத்தில் நம் கடைகள் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. முதலாளி சாப்பிடும் அதே சட்டியில்தான் ஆளும் சாப்பிடுகிறார். தூக்கத்திலும் நேரத்திலும் அந்தச் சமத்துவம் இருந்ததில்லை.

ஆகக் கூட்டிப் பார்த்தால், இருபது முப்பது வருடங்களுக்கு முன் நாம் மலிவாகச் சாப்பிட்ட பொரோட்டாவின் விலையில் பெண்களின் கூலி இல்லை, பிள்ளைகளின் கூலி இல்லை, மிகை நேரத்தின் கூலி இல்லை. அந்த மூவரும் இப்போது விலகிக்கொண்டார்கள். பெண்கள் தையலுக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ போனார்கள், அல்லது உடம்பு முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். மகன் ஷார்ஜாவில் இருக்கிறான்.

மூன்று நாள் ரயிலில் வந்தவர்கள்

விலகியவர்களின் இடத்துக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை நகராது. அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு விவேக் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 2011 நவம்பரில். ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர், மூன்று நாளுக்கும் மேற்பட்ட பயணம். நாட்டிலேயே மிக நீண்ட ரயில் பாதை என்று பொது அறிவுப் புத்தகங்களில் வருவது இதுதான். அசாம், வங்காளம், ஒடிசா என்று இந்த ரயில் கடந்து வரும் ஊர்களின் இளைஞர்கள்தான் இன்று கேரளத்தின் சமையற்கட்டுகளிலும் நம் மாவட்டத்தின் சமையற்கட்டுகளிலும் நிற்கிறார்கள்.

கேரளத்துக்கு முதலில் கூலிக்குப் போனது தமிழர்கள்தான் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மண் வெட்டவும், கட்டடம் கட்டவும், ஓட்டலில் இலை எடுக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். பிறகு அந்த இடம் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்களுக்குக் கைமாறியது. 2013இல் குலாத்தி நிதி நிறுவனம் செய்த ஆய்வு, கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. குமரியில் இந்த மாற்றம் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். இன்று சாயங்காலம் தக்கலை பக்கம் எந்தக் கடையிலும் கல்லுக்கு முன்னால் நின்று பொரோட்டா வீசுபவரிடம் பேசிப் பாருங்கள். நம் ஊர்த் தமிழில் 'ரெண்டு செட்டா, மூணு செட்டா?' என்று கேட்பார். ஊர் கேட்டால் பர்பேட்டா என்பார், இல்லை முர்ஷிதாபாத் என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பின் வரிசையில் அவர்களில் சிலரைப் பார்க்கலாம். பெயர் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

ஆனால் மூன்று நாள் ரயிலில் வருபவரை நம்பி நடக்கும் கடை, மூன்று நாள் தூரத்தில் நடக்கும் எதற்கும் ஆட்டம் காணும். 2020இல் ஊரடங்கு வந்தபோது பார்த்தோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது திருப்பூரிலும் கோவையிலும் ஆட்கள் பயந்து ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்க்கும் அளவுக்குப் போனது. 2025இல் குருகிராமில் வங்காளம் பேசும் தொழிலாளர்களை வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடித்து வைத்தார்கள்; அஞ்சிய பலர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். இப்படி ஒரு செய்தி வரும் வாரத்தில் ஆயிரம் கிலோமீட்டர்களுக்கு அப்பால் இருக்கும் உம்மாவும் மனைவியும் போன் செய்து 'வந்துவிடு' என்பார்கள். அவர் போய்விடுவார். கடையில் மாவு பிசைய ஆள் இருக்காது.

அவர்களும் நிரந்தரமாக வரமாட்டார்கள். நம் பிள்ளைகள் எதனால் விலகினார்களோ அதே காரணங்களால், கொஞ்சம் காசு சேர்ந்ததும், அவர்களுடைய பிள்ளைகளும் விலகுவார்கள்.

பிரிக் லேனிலும் இதே கதை

இது நம் ஊர் நோய் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் பிரிக் லேன் என்ற தெரு 'கறி' உணவகங்களுக்குப் பேர்போனது. நடத்துபவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்தின் சில்ஹட் பகுதியிலிருந்து போன முஸ்லிம் குடும்பங்கள். 2000களின் நடுவில் அங்கே 60 உணவகங்கள் இருந்தன. 2020 தொடக்கத்தில் எஞ்சியவை 23 என்று ரன்னிமீட் அறக்கட்டளையின் ஆய்வு சொன்னது. வாடகை ஏறியது, விசா விதிகள் இறுகி சமையற்காரர்களை வரவழைக்க முடியவில்லை. கூடவே இன்னொன்று: முதலாளிகளின் பிள்ளைகள் கணக்காளர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆகிவிட்டார்கள். வாப்பாக்கள் இரவு ஒரு மணி வரை தந்தூரி அடுப்பின் முன் நின்றது பிள்ளைகள் அங்கே நிற்கக்கூடாது என்பதற்காகத்தான்.

மலேசியாவில் நம்மவர்கள் நடத்தும் 'மாமாக்' கடைகளுக்கும் இந்தப் பிரச்சினை பழகியதுதான். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருந்த கடைகள் கொரோனாவுக்குப் பிறகு பழைய நேரத்துக்குத் திரும்ப முடியாமல் தவித்தன. 2023 மார்ச்சில் அந்நாட்டு அரசு புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. உள்ளூர் ஆட்கள் தட்டு கழுவ வருவதில்லை என்று முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கம் தொடர்ந்து முறையிட்டு வருகிறது. கடையநல்லூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒரு காலத்தில் போன ஆட்கள் இப்போது அந்தச் சம்பளத்துக்குப் போகத் தயாராக இல்லை என்பதும் இதில் சேரும்.

ஆளுக்குப் பதினொரு ரூபாய்

சரி, சட்டப்படி ஆள் வைத்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் மனக்கணக்கு. கடைக்குக் கடை மாறும். ஆறு பேர் பதினான்கு மணி நேரம் வேலை செய்யும் கடை. மாஸ்டருக்கு நாளுக்கு 1,000 ரூபாய், மற்ற ஐவருக்குத் தலா 700. மொத்தம் 4,500. இதே வேலையை ஒன்பது மணி நேர முறையில் செய்தால் பத்துப் பேர் வேண்டும். இரண்டு மாஸ்டர், எட்டுப் பேர்: 7,600 ரூபாய். கூடுதல் செலவு நாளுக்கு 3,100. கடைக்கு நாளொன்றுக்கு 400 பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் ஆளுக்கு எட்டு ரூபாய்கூட ஆகவில்லை. வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தால் இன்னும் மூன்று ரூபாய். ஆகப் பதினொன்று.

இந்தப் பதினொரு ரூபாயைக் கொடுப்பது யார்? நாகர்கோவிலில் ஏசி போட்ட உணவகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து, ஜிஎஸ்டியும் சேர்த்து வந்த பில்லை வாய்திறக்காமல் கட்டுகிறவர், தெருமுனைக் கடையில் சாயா இரண்டு ரூபாய் கூடினால் 'காக்கா, கொள்ளையடிக்கியளா?' என்று கேட்கிறார். நானும் கேட்டவன்தான். தெருமுனைக் கடைக்காரரும் விலையேற்றப் பயப்படுகிறார், பக்கத்துக் கடைக்காரர் ஏற்றமாட்டாரே என்று. (போதாக்குறைக்கு நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்றாலே வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி வரம்புக்குள் வந்துவிடுகிறது கடை.) ஒரு ஊரின் கடைக்காரர்கள் கூடிப் பேசி விலையையும் நேரத்தையும் சேர்த்து முடிவு செய்தாலொழிய இதில் தனியாக ஒருவர் துணிய முடியாது. ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் எதற்கெல்லாமோ கூட்டம் போடுகின்றன. இதற்கும் ஒன்று போடலாம்.

பத்துப் பேருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஆறு பேருக்கே ஆள் இல்லை. ஆனால் பதினான்கு மணி நேர வேலைக்கு வராதவர்கள் வேறு, ஆறேழு மணி நேர வேலைக்கு வருபவர்கள் வேறு. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் முழுக்க மகளிர் குழுக்களின் உழைப்பில் ஓடுகின்றன. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் நடத்திய ஜனகீய ஓட்டல்களும் அப்படியே. கூலி பெரிதில்லை, ஆனால் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது என்பது நிச்சயம், வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு உண்டு, கூடவே நாலு பெண்கள் இருக்கிறார்கள். நம் கடைகளின் சமையற்கட்டுக்குள் தனியாக ஒரு பெண் வந்து நிற்கும்படியான கழிவறையாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவில் சமையல் கற்றுத் திரும்பியவர்கள் ஊரில் ஏராளம். ஐம்பது வயதில் வந்து, கையில் தொழில் இருந்தும் இன்னொருவர் கடையில் கூலிக்கு நிற்கக் கூச்சப்பட்டு வீட்டில் இருக்கிறார்கள். இவர்களைக் கூலிக்காரராக அழைக்காமல் பங்காளியாக அழைக்கலாம். முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, லாபத்தில் பேசிவைத்த பங்கு என்ற முளாரபா நமக்குப் புதிதல்ல. வியாபாரச் சமூகமாக இருந்த காலம் முழுக்க நம் முன்னோர் அப்படித்தான் கடல் கடந்து வணிகம் செய்தார்கள். பங்கு இருப்பவரை 'ஓட்டல்ல நிக்கவன்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போதும் அந்த வித்தியாசம் தெரியும்.

எல்லாக் கடைகளும் பிழைக்காது. ஆளே இல்லாமல் வேறு வழியின்றி நேரத்தைக் குறைத்துக்கொண்ட கடைகள் சில இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இரவு வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள். பொரோட்டாக் கல்லையே விற்றுவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆப்பம், புட்டு. பதினொன்றரைக்குக் கடை சாத்தியாகிவிடும். வாப்பா, உம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர், அவ்வளவுதான் ஆட்கள். வெள்ளிக்கிழமை முழு விடுமுறை. ஆரம்பத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து திரும்பிப் போனவர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது பத்து மணிக்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அந்த வழியாகப் போனால் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் மட்டும் உள்ளேயிருந்து கேட்கும்.